டியூபாவுக்கு ஒரு பெட்டி

என் புருஷன் வில்லிக்கு வாழ்க்கையில் ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்: இருபது ஹெர்ட்ஸ். மனிதக் காதுக்கு எட்டும் சத்தங்களில் ஆக அடியில் கிடப்பது அது. காதால் கேட்பதைவிட வயிற்றால் உணர்வதுதான் அதிகம் என்பான். என் வயிற்றுக்கு அப்படி எந்த ஆசையும் இருந்ததில்லை. ஆனால் முப்பது வருடம் ஒலிபெருக்கித் தொழிற்சாலையில் கூம்பு ஒட்டியவனிடம் போய் வேறு ஆசை வை என்று சொல்ல முடியுமா? மேற்கு யூட்லாந்தில் எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் பன்றி வளர்ப்பவர்கள், மீதிப் பேர் ஒலிபெருக்கி செய்பவர்கள். நான் பன்றிக்காரர் வீட்டுப் பெண். இரண்டில் எது மேல் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வருடம் மார்ச் மாதம் அவன் அந்தப் பெட்டியைச் செய்து முடித்தான். பிர்ச் பிளைவுட்டில், இருநூறு லிட்டர் கொள்ளளவு. கொழுத்த பன்றி ஒன்றை உள்ளே படுக்க வைக்கலாம். முன்பலகையில் அடிச்சத்தத்துக்கென்றே உள்ள பெரிய ஒலிபெருக்கியான சப்வூஃபர், அதற்குக் கீழே ஒரு வட்ட ஓட்டை, ஓட்டையிலிருந்து உள்நோக்கிப் போகும் குழாய். குழாய் என்றால் ஏதோ விசேஷம் என்று நினைக்க வேண்டாம், கழிவுநீர் போகிற அதே பிளாஸ்டிக் குழாய்தான், ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் நீளம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஊங் என்று ஒரு சத்தம் வருமே, அதே சங்கதி. பெட்டி பாட்டில், குழாய் அதன் கழுத்து. கழுத்து நீண்டால் சுருதி இறங்கும், குறுகினால் ஏறும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆனது. இதைச் சரியாகச் செய்ய அவனுக்குப் பதினோரு வருடம் ஆனது.

அன்று மதியம் ஒரு தேவாலய ஆர்கன் இசைத்தட்டைப் போட்டான். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தரை நகர்வதுபோல் இருந்தது. மேசைமேல் கத்தி தானாக நடந்தது. வில்லி நடுக்கூடத்தில் கண்ணை மூடி நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிறைவை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை, அதைச் சொல்லிக்காட்டாமலும் விட்டதில்லை.

எங்களுடையது இரட்டை வீட்டில் ஒரு பாதி. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் லிஸ்பெத்தும் அவள் புருஷன் ஈவரும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்துச் சுவரில், எங்கள் ஊரில் பலரும் மாட்டுவதுபோல, வருடத்துக்கு ஒன்றாக நீலநிறக் கிறிஸ்துமஸ் தட்டுகள் வரிசையாகத் தொங்கும். இருபத்து நான்கு தட்டுகள். ஆர்கன் அடிமட்டத்துக்கு இறங்கி ஏறுவதற்குள் அதில் ஒன்று கொக்கியிலிருந்து குதித்துவிட்டது. தொண்ணூற்று நான்காம் வருடத்துத் தட்டு.

லிஸ்பெத் பாத்திரம் துடைக்கிற துணியில் உடைந்த துண்டுகளை ஏந்திக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். இருபது வருடமாக நாங்கள் இருவரும் கதவைத் தட்டி உள்ளே போனது கிடையாது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் புதர் வேலியில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி இருந்தது, தினமும் அதில் போவோம், வருவோம். அவள் துணியை என் மேசைமேல் விரித்தாள். நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"ஒரு தட்டுதானேடி! பழைய சாமான் கடையில கூடை கூடையா கிடக்குது. சனிக்கிழமை போய் வேணுங்கிற வருஷத்தப் பொறுக்கிட்டு வந்துடலாம்."

அவள் துணியின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்தாள், போய்விட்டாள். மறுநாள் காப்பிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஏப்ரலில் வேலி இடைவெளியில் இரண்டு பீச் மரக்கன்றுகள் நட்டிருந்தாள். ஒழுங்காக, கயிறு பிடித்து, நேராக.

வில்லி நான்கு முறை போய் மன்னிப்புக் கேட்டான். மூன்றாம் முறை அதே தொண்ணூற்று நாலாம் வருடத்துத் தட்டு ஒன்றைத் தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டு போனான். அவள் அவனை உட்காரவைத்து, கேக் கொடுத்து, தட்டை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெட்டி தோட்டத்துக் கொட்டகைக்குப் போனது. மேலே ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு, அதன்பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. செய்தவன் மன்னிப்புக் கேட்டாயிற்று, நான் எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு பீங்கான் தட்டுக்காக இருபது வருடச் சிநேகத்தை வெட்டிவிட ஒருத்திக்கு மனசு வருமென்றால் அப்படிப்பட்டவள் எனக்கு எதற்கு? இப்படியெல்லாம் தினமும் காலையில் சொல்லிக்கொண்டு தனியாகக் காப்பி குடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அவள் இல்லாமல் எனக்குப் பொழுதே விடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன்.

இப்படிப் பதினாலு மாதம் போனது. அதற்குள் அவர்களுடைய கல்யாண வெள்ளிவிழா வந்துவிட்டது.

வெள்ளிவிழா என்றால் எங்கள் பக்கத்தில் அது தம்பதியின் வேலை இல்லை, தெருவின் வேலை. முந்தின நாள் சாயங்காலம் வாசலைச் சுற்றி ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்ட வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வாசலில் நின்று, பேண்டு வாசிக்க, பாட்டுப் பாடி அவர்களை எழுப்ப வேண்டும். தம்பதி ஒன்றுமே தெரியாதவர்கள்போல இராத்திரி உடையோடு கதவைத் திறப்பார்கள். உள்ளே நாற்பது பேருக்கு ரொட்டி ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும். இதையெல்லாம் முன்னின்று நடத்த வேண்டியது மிக அருகிலிருக்கும் அண்டை வீட்டுக்காரர். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொள்பவர்களைவிட அருகில் யார் இருக்க முடியும்? ஆக, என்னோடு பேசாதவளின் வாசலில் நான்தான் வளைவு கட்ட வேண்டும். அவள் வேண்டாமென்று சொல்லி அனுப்புவாள் என்று ஏப்ரல் முழுக்கக் காத்திருந்தேன். ஒரு சேதியும் வரவில்லை.

"வேணும்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. கதவத் திறக்காம விட்டுட்டா என்ன பண்றது, வில்லி? தெருவே பாக்க நம்ம மானம் போயிடும்."

"திறப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா கிளை வெட்டணும்ல."

ஆலோசனைக்கு எங்கள் வீட்டில் கூடினோம். மூலைவீட்டு டாக்னி காகித ரோஜாக்களுக்குப் பொறுப்பேற்றாள். பேண்டு நடத்தும் எய்னர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஒரு சிக்கல் இருக்கு. நம்மகிட்ட டியூபா வாசிக்கிறவன் ஒருத்தன்தான். அவன் அன்னைக்குக் கதவுக்கு உள்ள தூங்குற மாதிரி நடிச்சிட்டிருப்பான்."

அது ஈவர்தான். இருபத்தெட்டு வருடமாக எய்னருடைய குழுவில் டியூபா, அதாவது அடிச்சுருதி ஊதும் பெரிய பித்தளை வாத்தியம், வாசிப்பவன் அவன். டியூபா இல்லாமல் நாலு ட்ரம்பெட் மட்டும் வாசித்தால் அந்தப் பாட்டு ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருக்கும் என்றார் எய்னர். பக்கத்து ஊரில் ஆள் கேட்கலாம் என்று டாக்னி சொன்னாள். பக்கத்து ஊர்க்காரனை ஈவரின் வாசலில் நிறுத்துவதைவிட ஆட்டுக்குட்டியே மேல் என்றார் எய்னர்.

வில்லி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"ஈவரோட டியூபாவ நான் கொண்டு வர்றேன். ஈவர் இல்லாம."

அடுத்த செவ்வாய்க்கிழமை ஊர்க் கூடத்தில் ஒத்திகை. வில்லி மைக்கும் பதிவுக் கருவியுமாகப் போனான். குழுவின் ஆண்டு விழாவுக்காகப் பதிவு என்று ஈவரிடம் சொல்லிவைத்தார்கள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். திருமண நாள் பாட்டை ஒருமுறை வாசித்து முடித்ததும் எய்னர் குச்சியால் தட்டினார்.

"ஈவர், தாளம் இடிக்குது. நீ மட்டும் தனியா வாசி."

"இடிக்குதா? எனக்கா?"

"உனக்குத்தான். முதல்லேர்ந்து."

ஈவர் தனியாக வாசித்தான். வில்லி மைக்கை நகர்த்திவிட்டு, விரலால் இன்னொரு தடவை என்று சைகை காட்டினான்.

"இன்னொரு வாட்டி" என்றார் எய்னர்.

"இப்ப எங்க இடிச்சுது?"

"இடிக்கல. இனிமே இடிக்கக் கூடாதுன்னு."

மூன்றாம் முறை முடித்தபோது ஈவரின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "இருபத்தெட்டு வருஷம் வாசிச்சவன இப்படி எல்லார் முன்னாடியும்…" என்று முணுமுணுத்துக்கொண்டே டியூபாவைக் கவிழ்த்து எச்சிலை வடித்தான். ட்ரம்பெட்காரர்கள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓட வேண்டியதாயிற்று. வெளியே போனதும், இதை உடனே லிஸ்பெத்திடம் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. அப்புறம்தான் எல்லாம் நினைவுக்கு வந்தது. சிரிப்பு போய்விட்டது.

டியூபா கையில் கிடைத்துவிட்டது, இனிப் பெட்டி வேண்டும். பழைய பெட்டியைக் கொண்டுவர நான் சம்மதிக்கவில்லை. அவனும் அதற்குத் தயாராக இல்லை. லிஸ்பெத் திருப்பிக் கொடுத்த அந்தத் தட்டை எடுத்து, அவள் வீட்டில் இருப்பதுபோன்ற கொக்கியிலேயே நடுச்சுவரில் எங்கள் பக்கம் மாட்டினான். ஒரு சின்ன ஒலிபெருக்கியை வைத்து, கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுருதியாக ஏற்றிக்கொண்டே போனான். இருபதில் தட்டு சும்மா இருந்தது. இருபத்தைந்தில் சும்மா இருந்தது. முப்பத்தொன்று வந்தபோது தட்டு பல்லைக் கடிப்பதுபோல் கிடுகிடுவென்று ஆடியது. முப்பத்தைந்தில் மறுபடி அடங்கிவிட்டது.

"முப்பத்தி ஒண்ணு" என்று நோட்டில் எழுதினான். "அன்னைக்கு ஆர்கன் இதத் தாண்டித்தான் இறங்கி ஏறியிருக்கு."

"சரி, இப்ப என்ன பண்ணுவ?"

"ஈவரோட டியூபா இந்தப் பாட்டுல நாப்பத்தி நாலுக்குக் கீழ இறங்காது. பெட்டிய நாப்பத்தி ரெண்டுல நிறுத்திடுவேன். குழாயோட சுருதிக்குக் கீழ போனா இந்த மாதிரிப் பெட்டி கிட்டத்தட்ட ஊமைதான். மிச்சத்துக்கு ஒரு வடிகட்டி போட்டுடுவேன். முப்பத்தொண்ணுல மூச்சுகூட விடாது."

"அப்போ இருபது?"

அவன் நோட்டை மூடினான். புதுப் பெட்டிக்கு நூற்றுப் பத்து லிட்டர் போதும். குழாய் பதினாறு சென்டிமீட்டர். வேறு குழாய் வாங்கலாம் என்று சொன்னேன். வேண்டாம் என்று பழைய பெட்டியைப் பிரித்து, சப்வூஃபரைக் கழற்றி, அந்த ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் குழாயை மேசையில் படுக்கவைத்துப் பதினாறில் பென்சிலால் கோடு போட்டான். ரம்பத்தை வைத்துக்கொண்டு நின்றான், நின்றுகொண்டே இருந்தான். நான் கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் அவனை நான் செய்த கேலியெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பிறகு அறுத்துவிட்டான்.

மூன்று வாரம் வேலை நடந்தது. பலகை வெட்டி, பசை போட்டு, இறுக்கி, உள்ளே குறுக்குச் சட்டங்கள் வைத்து, குறுக்குச் சட்டமும் காந்தமும் குழாயும் அடைக்கும் இடத்தைக் கணக்கிலிருந்து கழித்து, குழாயின் இரண்டு முனையையும் காற்று சீறாதபடி உப்புத்தாளால் வளைவாக இழைத்து. பிறகு கூடத்தில் வைத்துப் போட்டான். ஈவர் எங்கள் சோபாவில் உட்கார்ந்து வாசிப்பதுபோலவே இருந்தது. மறுநாள் ஏதாவது ஒன்றை மாற்றுவான், மறுபடி போடுவான், சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவான், சுவரைப் பார்ப்பான், உடனே குறைப்பான். எல்லாம் திருப்தியானபின் அண்ணன் தம்பிகளைப்போல நாங்கள் இருவரும் பெட்டியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்பக்க வயலுக்குப் போனோம்.

"வேலிகிட்ட போய் நில்லு டோர்த்தே! கேக்குதா?"

"எது?"

"டியூபா!"

"கொசு சத்தம்தான் கேக்குது!"

வில்லி பாட்டை நிறுத்திவிட்டுப் பெட்டிமேல் உட்கார்ந்தான். எனக்கே பாவமாகிவிட்டது. முப்பது வருடம் அறைக்குள்ளேயே ஒலிபெருக்கி சோதித்தவனுக்கு, அறைதான் பாதி வேலையைச் செய்துகொடுத்திருக்கிறது என்பது மறந்தே போயிருக்கிறது. நாலு சுவரும் கூரையும் சேர்த்துத் திருப்பித் தருகிற சத்தம் எங்கள் ஊர் வயல்காற்றில் கடல்வரைக்கும் போய்விடுகிறது.

"முப்பது வருஷ அனுபவம்" என்றேன்.

"சொல்லு, சொல்லு. இன்னும் நாலு வார்த்தை சொல்லு."

"சொல்லல. இதுக்கு வழி என்ன?"

"சுவர ஒட்டி வெக்கணும். மூலைன்னா இன்னும் நல்லது. சுவரும் தரையும் சேர்ந்து தூக்கிக் குடுக்கும்."

"யார் சுவர?"

அவன் என்னைப் பார்த்தான். வாசற்கதவுக்குப் பக்கத்தில், சுவர் மடங்குகிற மூலையில், வளைவுக்குப் பின்னால் வைக்க வேண்டும். அதாவது லிஸ்பெத்தின் கூடத்துச் சுவரில். உள்ளே இரண்டு எட்டு வைத்தால் தட்டுகள். இன்னொரு தட்டு விழுந்தால் அவள் ஆயுசுக்கும் என் முகத்தில் முழிக்க மாட்டாள். வெள்ளிவிழா காலையில், நாற்பது பேர் முன்னால், என் புருஷனின் பெட்டியால். டியூபாவே வேண்டாம், ஆட்டுக்குட்டியே கத்தட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். வில்லி கேட்கவில்லை. வீட்டுக்குள் போய்ப் பெட்டியை எங்கள் சுவரை ஒட்டி வைத்து, தட்டுக்கு நேர் கீழே, முழுச் சத்தத்தில் ஒரே ஒருமுறை போட்டான். தட்டு அசையவில்லை. நான் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். லேசாகச் சிலிர்த்தது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வளைவு கட்டினோம். உள்ளே திரைகள் எல்லாம் இழுத்து மூடியிருந்தன. அந்த வேளையில் தம்பதி வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, அதுதான் முறை. எனக்கு மட்டும் அந்தத் திரைகள் எனக்காகவே மூடியதுபோல் இருந்தது. கிளைகளை அடுக்கிக் கட்டி, உச்சியில் வெள்ளிக் காகிதத்தில் இருபத்தைந்து என்று வைத்தோம். பெட்டியை மூலையில் தள்ளிக் கிளைகளால் மறைத்தோம். உள்ளிருந்து ஏதேதோ சத்தம் வந்துகொண்டிருந்தது, ஏதோ சாமான்களை அடுக்குவதுபோல.

காலையில் ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தெருவே வந்துவிட்டது. மே மாதம்தான், ஆனாலும் காற்று காதை அறுத்தது. எய்னர் குச்சியைத் தூக்கினார். ஆளில்லாத டியூபாவுக்குப் பின்னால் தன் குழு போக வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் அவர் முகத்தில் தெரிந்தது. வில்லி பொத்தானை அழுத்தினான்.

முதல் சுரம் வந்ததும் பெட்டியின் குழாயிலிருந்து ஏழெட்டுக் காகித ரோஜாக்கள் பறந்து வந்து எய்னரின் நெஞ்சில் மோதின. டாக்னி முந்தின நாள் எல்லோரும் போனபின் வந்து, ஓட்டை பார்க்க நன்றாக இல்லை என்று அதற்குள் ரோஜாவைச் செருகிவிட்டுப் போயிருக்கிறாள். எய்னர் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. தொண்டை அடைப்பு நீங்கியதுபோல் டியூபா விரிந்து எழுந்தது. காலடியில் நடைபாதைக் கல் சிலிர்த்தது. நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே பாடினார்கள். அந்தப் பாட்டு எங்கள் தெருவில் அவ்வளவு கம்பீரமாக என்றைக்குமே ஒலித்ததில்லை.

நான் பாடவில்லை. உள்ளே ஏதாவது உடையும் சத்தம் கேட்கிறதா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் சரணம் முடியுமுன் கதவு திறந்தது. ஈவர் கோடுபோட்ட இராத்திரி உடையில் நின்றான். பக்கத்தில் லிஸ்பெத், தோளில் சால்வை. ஈவர் பேண்டைப் பார்த்தான், டியூபா இல்லாத இடத்தைப் பார்த்தான், தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"யாரது வாசிக்கிறது? இது… இது நானில்ல?"

"தாளம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ!" என்றார் எய்னர்.

ஈவர் உள்ளே ஓடினான். டியூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு வந்து, இரண்டாம் சரணத்தில் தன்னோடு தானே சேர்ந்துகொண்டான். வில்லி சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். எல்லோரும் கைதட்டி உள்ளே நுழைந்தார்கள். லிஸ்பெத் ஒவ்வொருவராகக் கட்டித் தழுவினாள், வில்லியையும். நான் கடைசியாகப் போனேன். அதற்குள் அவள் அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள்.

கூடத்தில் நுழைந்ததும் நான் பார்த்தது சுவரைத்தான். காலி. ஒரு தட்டுகூட இல்லை, வெறும் கொக்கிகள் மட்டும்.

என் தலைக்கு ரத்தம் ஏறிவிட்டது. மூன்று வாரம், அறுத்த குழாய், நோட்டு நிறையக் கணக்கு, எல்லாவற்றுக்கும் இதுதான் மரியாதையா? நேரே அடுக்களைக்குப் போனேன். அவள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"நம்பலல்ல நீ?"

பதினாலு மாதத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"எத?" என்றாள், திரும்பாமலே.

"வில்லிய! ஒரு தட்டுகூட ஆடாம இருக்கணும்னு அந்த மனுஷன் தன்னோட பெட்டியவே பிரிச்சுப் போட்டுட்டு புதுசு பண்ணான். நீ என்னடான்னா எல்லாத்தையும் கழட்டி ஒளிச்சு வெச்சிருக்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒளிக்கல. கட்டில் மேல இருக்கு. மூணு வாரமா சுவர் வழியா ஈவரோட டியூபா கேக்குது, டியூபா ஊதி ஊதிக் காது மந்தமான ஈவர் என் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறான். எனக்குப் புரியாதா? கொஞ்சம் ஏத்துவான், உடனே இறக்குவான். ஏத்துவான், இறக்குவான். பாவம், பயந்து பயந்து. ஒரு நாளாவது அவன் பயப்படாம வெக்கட்டுமேன்னு நேத்து சாயங்காலம் கழட்டினேன்."

கூடத்தில் ஈவர் யாரிடமோ தான் எத்தனை அழகாக வாசித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்போ… அவன் மேல கோபம் இல்லையா?"

"வில்லி மேலயா? என்னைக்கும் இருந்ததில்ல. உன் மேலதான்."

"நான் என்னடி பண்ணேன்? பெட்டியா பண்ணேன்?"

"தொண்ணூத்தி நாலு தட்டு யார் குடுத்தது?"

"உங்கம்மா. எல்லாமே உங்கம்மா குடுத்ததுதானே."

"எல்லாம் இல்ல. நாங்க இங்க குடி வந்த வருஷம் அது. அம்மா ஆஸ்பத்திரில. அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தட்டு வரல. உன் அடுப்படில உக்காந்து அழுதேன், அப்ப உன்ன எனக்கு அவ்வளவாத் தெரியாது. மறுநாள் நீ பனியில நடந்து வந்து, செய்தித்தாள்ல சுத்தி ஒண்ணு குடுத்த. வரிசை விட்டுப் போகக் கூடாதுன்னு சொன்ன."

செய்தித்தாள் நினைவுக்கு வந்தது. நனைந்து என் கையில் மையெல்லாம் ஒட்டியது நினைவுக்கு வந்தது. சத்தியமாக அதுவரை வரவில்லை.

"துண்டுகளத் துணியில எடுத்துட்டு வந்தது சண்டை போட இல்ல, டோர்த்தே" என்றாள். "நீயும் என்கூட உக்காந்து அழுவேன்னு நெனச்சேன்."

நான் சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தேன். பழைய சாமான் கடையில் கூடை கூடையாகக் கிடக்கிறது என்று சொன்னேன். வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வெண்ணெய்த் தட்டைப் பார்த்தேன். "மன்னிச்சிடு" என்று சொல்ல வாயெடுத்தேன், வந்தது அழுகைதான், அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுக.

"காப்பி எங்க?" என்று கூடத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

லிஸ்பெத் எட்டி அடுக்களைக் கதவைச் சாத்தினாள். ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு, இன்னொன்றில் தானும் உட்கார்ந்தாள். நாற்பது பேரும் அன்றைக்குக் காப்பிக்கு வெகுநேரம் காத்திருந்தார்கள்.